பதினோரு விநாடிச் சில்வண்டு

ஆறு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, நான் அனுப்பவில்லை. லேப்டாப் மூடியே கிடக்கிறது, அதிலிருந்து ஹாம் ரேடியோவுக்குப் போகும் ஒயரை நேற்றே பிடுங்கிச் சுருட்டிப் பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் போட்டுவிட்டேன், யாராவது சோதனைக்கு வந்தால் சாக்ஸுக்குள்ளா பார்க்கப்போகிறார்கள் என்று, அப்புறம் அது திருடன் நினைக்கிற மாதிரியான நினைப்பாக இருக்கிறதே என்று எடுத்து மேசைமேல் வைத்தேன், அப்புறம் மறுபடி சாக்ஸுக்குள். இப்போது எங்கே இருக்கிறதென்று எனக்கே நிச்சயமில்லை. ரேடியோ மட்டும் பச்சை விளக்கோடு விழித்திருக்கிறது. கீழ் வீட்டில் குக்கர் இரண்டாவது விசில் அடிக்கிறது, மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன், அந்த வீட்டில் எப்போதும் மூன்றுதான், ஒரு வருஷமாக அவர்கள் மாடியில் குடியிருக்கிறேன், அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த மூன்று விசில்தான். இந்நேரம் அனுப்பி முடித்திருப்பேன். பதினோரு விநாடி. கிர்ர்ர்ர் என்று ஒரே இழுப்பு, நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் சுருதி ஏறும், அவ்வளவுதான், தூத்துக்குடியில் இந்த மாடி அறையிலிருந்து கிளம்பி வட்டப்பாறை மலைமேல் இருக்கும் ரிப்பீட்டருக்குப் போய், அந்தப் பெட்டி அதை வாங்கிச் சுற்றியிருக்கிற அத்தனை ஊருக்கும் திருப்பிச் சொல்லும். கேட்கிறவர்களுக்கு அது இரைச்சல். லேப்டாப்பில் நான் தட்டிய வரிகளைப் பூட்டுப் போட்டு மாற்றிய இரைச்சல். சாவி என்பது நான் தட்டும் கடவுச்சொல், அது என்னிடம் மட்டும். நூற்று நாற்பத்தோரு காலை அனுப்பியிருக்கிறேன், இன்று நூற்று நாற்பத்திரண்டு, இல்லை, இன்று இல்லை, ஆறு ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. மூன்றாவது விசில்.

"எல்லாருக்கும் வணக்கம், காலை நெட், நான் கனகசபை, யார் யாரெல்லாம் இருக்கீங்க, ஒவ்வொருத்தரா வாங்க." நெட் என்றால் தினமும் ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே அலையில் கூடிப் பேசுவது. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பாடம் எடுத்த குரல், இப்போதும் ஆஜர் எடுக்கிறது. மலைமேல் இருக்கிற பெட்டி அவர் பேரில் இருக்கிறது, பத்தொன்பது வருஷமாக அவர்தான் பேட்டரி மாற்றுகிறார், மழைக்கு மூடி போடுகிறார், குரங்கு அறுத்த ஒயரை ஒட்டுகிறார். "பரமானந்தம், திருச்செந்தூர், ஆஜர் சார்." இவர் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடைக்காரர், கடை திறக்கும் வரைக்கும் ஊர்வம்பு. "லூர்து, மணப்பாட்டுல இருந்து, ஸ்தோத்திரம் எல்லாருக்கும்." லூர்து அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது, ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், குரலை வைத்து ஆள் மட்டுமல்ல, ஆளுக்கு ஜலதோஷமா, சாப்பிட்டாரா, முந்தின நாள் அழுதாரா என்பது வரை சொல்லிவிடுவார். அடுத்தது நான். "இசக்கிராஜ், தூத்துக்குடி" என்று சொல்ல வேண்டும். மைக்கின் பொத்தானை அழுத்திச் சொல்கிறேன். "தம்பி, சிக்னல் ஃபுல்லா இருக்கு, குரலத்தான் காணோம், மைக்க வாய்க்கிட்ட வச்சுப் பேசுங்க" என்கிறார் சார், ஒவ்வொரு காலையும் சொல்வதைப் போலவே. ஒன்றாம் வகுப்பு டீச்சரிலிருந்து எல்லோரும் சொன்னதுதான். நான் கத்திப் பேசினதாக நினைத்துக்கொண்டிருப்பேன், எதிரில் இருக்கிறவர் காதை முன்னால் நீட்டுவார். இந்த மலைப்பெட்டி அரை வாட்டையும் பெரிதாக்கித் தரும் என்று படித்துத்தானே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். அலையைப் பெரிதாக்குகிறது. குரலை அது ஒன்றும் செய்வதில்லை.

"இன்னைக்குச் சில்வண்டக் காணோமே" என்றார் லூர்து அக்கா. சில்வண்டு என்பது நான்தான், அவர் வைத்த பேர், முதல் வாரமே வைத்துவிட்டார், "அது ஒருக்கா கத்துனாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கு" என்றுகூட ஒருநாள் சொன்னார், அன்று முழுக்க நான் எடை மேடையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உப்பு லாரிகளை எத்தனை டன் என்று பார்த்துச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன், ஒரு டிரைவர் "என்ன தம்பி சிரிக்கிய" என்று கேட்டார். "காணோம்னா என்ன அர்த்தம்" என்று பரமானந்தம் உள்ளே வந்தார், "ஆளு நம்ம கூடத்தான் இருக்கான்னு அர்த்தம்க்கா. நேத்துக் காலையிலதான் சார் சொன்னாரு, இந்த மாதிரி யாரோ பூட்டுப் போட்டு டேட்டா அனுப்புறான், புகார் போயிருக்குன்னு. அதக் கேட்டுக்கிட்டுத்தானே இன்னைக்குக் கம்முனு இருக்கான். வெளியாளா இருந்தா அவனுக்கென்ன, அடிச்சிருப்பான்லா." இதை நான் யோசிக்கவே இல்லை. அனுப்பாமல் இருப்பதுதான் ஒளிந்துகொள்வது என்று நினைத்தேன், அனுப்பாமல் இருந்ததே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த அலையில் மௌனத்துக்கும் நேரம் உண்டு, ஆறு ஐம்பத்தெட்டு என்று எல்லோரும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

"கடத்தல்காரனா இருக்கும்" என்கிறார் பரமானந்தம், "கடல் பக்கம்லா, தங்கக்கட்டி எந்தக் கரையில இறக்கணும்னு சொல்லுதான்." "தினமும் காலையில பதினோரு செகண்டுக்குத் தங்கமா, எனக்கொரு மூக்குத்தி இறக்கச் சொல்லும்" என்கிறார் லூர்து அக்கா. சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், பொத்தானை அழுத்தாமல், இந்த அறைக்குள். சுவரில் பல்லி திரும்பிப் பார்த்தது. தங்கம் இல்லை அண்ணாச்சி. முந்தாநாள் அனுப்பியது எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது: தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது. நீலச் சட்டையில் மூன்றாவது பொத்தான் போயிற்று. எடை மேடையில் ஒரு நாய் ஏறிப் படுத்தது, மெஷின் பூஜ்யம் என்றே காட்டியது. எங்கள் எடை மேடை இருபது கிலோ இருபது கிலோவாகத்தான் எண்ணும், பன்னிரண்டு கிலோ நாய் அதன் கணக்கில் இல்லாத நாய். அதிலேயே கடைசி வரி, நேற்று நான் பேசிய வார்த்தைகள்: வண்டிய முன்னால எடுங்க. டிரைவர் இறங்கியாச்சா. சரி. அவ்வளவுதான். இதற்கா பூட்டு என்று கேட்டால் என்ன சொல்வேன். ரகசியத்துக்குப் பூட்டுப் போடுவார்கள். ரகசியம் எதுவும் இல்லை என்பதை மறைக்க யாராவது பூட்டுப் போடுவார்களா. ஒருவன் தோசை ஒட்டிக்கொண்டதைச் சொல்ல ஆளில்லாமல் இருக்கிறான் என்பது கடத்தல்காரன் என்பதைவிட வெட்கமாக இருக்கிறதே, அது ஏன்.

"அந்தச் சட்டந்தான் என்ன சார், கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க, மோர்ஸ் தந்தியும் ஒரு சங்கேதக் கோடுதானே, டிட் டா டிட்டுன்னு அடிக்கோம், பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு எழவும் விளங்காது, அப்ப அதுவும் தப்பா?" பரமானந்தம் வேண்டுமென்றே கிளறுகிறார். சாருக்குப் பாடம் நடத்தச் சந்தர்ப்பம் கிடைத்தால் போதும். "எல்லாரும் படிச்சுக்கக்கூடிய கோடு ரகசியம் ஆகாது, பரமானந்தம். புத்தகத்துல இருக்கு, யாரும் கத்துக்கலாம். டேட்டா அனுப்புறதும் தப்பில்ல, எந்த முறையில அனுப்புறோம்னு ஊருக்குத் தெரிஞ்சா சரி. அர்த்தத்த மறைக்கணும்னே ஒண்ணச் சுத்தி அனுப்புறோம் பாருங்க, அதான் கூடாது. நமக்கு இந்த அலைய சும்மா குடுத்திருக்காங்க. சும்மா குடுத்ததுக்கு ஒரே நிபந்தனை, பேசுறது திறந்து இருக்கணும், யார் வேணாலும் கேக்கலாம்." பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது, நான்கு விடைகளில் மூன்றாவது, தெளிவான மொழியில் மட்டும், சங்கேதம் கூடாது, பேனாவை அழுத்திக் குறித்தேன், பேப்பர் கொஞ்சம் கிழிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் மறைக்க வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால் அங்கேதான் சிக்குகிறது. மறைப்பதென்றால் ஒருவரிடமிருந்து மறைத்து இன்னொருவருக்குச் சொல்வது. அந்த இன்னொருவர் எனக்கு இல்லை. சாவி வைத்திருக்கிற ஆள் உலகத்தில் யாருமே இல்லாவிட்டால் அது ரகசியமா, வெறும் சத்தமா. நானே சாவியை மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம், அப்போது அது இடிச்சத்தம் மாதிரி, மிக்சி ஓடுகிற சத்தம் மாதிரி, அதற்குச் சட்டம் உண்டா. ஆனால் மறக்கவில்லையே. அப்புறம் இன்னொன்று, ஊர் அடங்கிய பின்னால் அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்காத வேறொரு அலையில் அனுப்பியிருக்கலாம், ஏன் எல்லோரும் ரேடியோவைப் போட்டுவிட்டுக் காபி டம்ளரோடு உட்காரும் நேரமாகப் பார்த்து, நெட் ஆரம்பிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். கேட்கட்டும் என்றுதானே. கேட்கக்கூடாது என்று பூட்டு, கேட்கட்டும் என்று நேரம். இரண்டையும் செய்தவன் ஒருவன்தான், அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

தாத்தா கதை சொல்லும்போது உம் கொட்ட வேண்டும். ஒரு ஊர்ல என்பார், நிறுத்துவார். நான் உம் என்று சொன்னால்தான் அடுத்தது வரும். ராஜா வருகிற கதையாக இருந்தாலும் சரி, நரி வருகிற கதையாக இருந்தாலும் சரி, நடுவில் உம் நின்றுபோனால் ராஜா குதிரைமேல் ஒரு காலைத் தூக்கினபடியே நிற்க வேண்டியதுதான். தூங்கிட்டியாலே என்பார், உம் என்பேன், குதிரை ஓடும். என்னுடைய குரலுக்கு அந்த ஒரு எழுத்துதான் சரியான அளவு, சத்தம் வேண்டாம், வார்த்தை வேண்டாம், இருக்கிறேன் என்று சொன்னால் போதும். அவர் போனபிறகு என் வாயில் கதை ஏறவில்லை, உம் மட்டும் மிச்சம் இருந்தது, அதைக் கேட்பதற்கும் ஆளில்லை. இந்த ரேடியோவில் ஒரு விசித்திரம், பொத்தானை அழுத்திப் பேசுகிற வரைக்கும் நமக்கு எதுவும் கேட்காது. எதிரில் இருப்பவர் உம் கொட்டினாலும் வராது, கொட்டவும் முடியாது. பேசி முடித்து விரலை எடுத்தால்தான் அந்தப் பக்கம் உயிர் இருக்கிறதா என்று தெரியும். இவர்கள் அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், வாயில் சோறோ கையில் வேலையோ இருந்தால் பேசாமல் பொத்தானை மட்டும் இரண்டு தடவை தட்டுவார்கள், டக் டக், ரிப்பீட்டரில் வெறும் காற்று இரண்டு தடவை திறந்து மூடும். கேட்டேன், இருக்கேன், என்று அர்த்தம். லூர்து அக்கா ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டே டக் டக் தட்டுவார். என் சில்வண்டுக்கு யாரும் தட்டியதில்லை. எப்படித் தட்டுவார்கள்.

"சரி, விஷயத்துக்கு வர்றேன்" என்றார் சார். குரலில் பாடம் நடத்துகிற தோரணை போய்விட்டது. "நேத்து எனக்கு லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து ஒரு கடிதாசி வந்திருக்கு. இந்த ரிப்பீட்டர் வழியா போற பூட்டுன டேட்டாவுக்கு யாரு பொறுப்புன்னு விளக்கம் கேட்டிருக்காங்க. பெட்டி என் பேர்ல. நாந்தான் பொறுப்பு. யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு எழுதலாம், அது உண்மைதான், ஆனா தெரியாதவன் பெட்டிய எதுக்கு ஓட்டணும்னு கேப்பாங்க. அதனால எட்டு மணிக்குக் கிளம்பி மலைக்குப் போறேன். ஃபியூஸப் பிடுங்கிட்டு, நிறுத்தியாச்சுன்னு பதில் எழுதிரப்போறேன்." பெட்டி இழுத்து மூச்சு விடுகிற மாதிரி ஸ்ஸ் என்று ஓடி அடங்கியது. "நிறுத்திட்டு, மறுபடி எப்ப சார்?" என்றார் லூர்து அக்கா. "எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு அக்கா. ஒருக்கா இறங்கிட்டேன்னா மறுபடி அந்தப் படி ஏறுவேனான்னு தெரியல." அப்புறம் அக்கா சொன்னார், வழக்கமான கிண்டல் இல்லாமல்: "போன் இருக்கே, பேசலாமேம்பாங்க எல்லாரும். போன்ல ஒருத்தரக் கூப்பிடணும். கூப்பிட்டா அவுகளுக்கு ஏதாவது வேலையா இருக்கும். என்ன விசயம்னு கேப்பாக. விசயம் ஒண்ணும் இல்லன்னா எப்பிடிச் சொல்ல? இது அப்பிடி இல்ல சார். யாரையும் கூப்பிட வேண்டாம். போட்டுவிட்டா வீட்டுக்குள்ள ஆள் இருக்காக. சரி விடுங்க. உங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது, பிடுங்கிருங்க." விசயம் ஒண்ணும் இல்லன்னா எப்பிடிச் சொல்ல. இதை அவர் சொல்லிவிட்டார், பூட்டு இல்லாமல், மணப்பாட்டிலிருந்து, நான்கு ஊர் கேட்க. நூற்று நாற்பத்தோரு காலை நான் சுற்றிச் சுற்றி அனுப்பினதை ஒரே மூச்சில்.

ஏழு பதினெட்டு. எட்டு மணிக்கு அவர் ஸ்கூட்டரை எடுப்பார். நான் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றும் ஆகாது, அதுதான் பயமாக இருக்கிறது. பெட்டி நிற்கும், ஒயர் சாக்ஸுக்குள் கிடக்கும், நாளைக்குக் காலையில் இந்த ரேடியோவைப் போட்டால் வெறும் காற்று, லூர்து அக்கா வீட்டிலும் அதே காற்று, நான் எடை மேடைக்குப் போவேன், வண்டிய முன்னால எடுங்க. சொன்னால் லைசென்ஸ் போகலாம். அந்த லைசென்ஸ் அட்டையில் என் பேருக்கு நேரே ஒரு அழைப்புக்குறி இருக்கிறது, உலகத்தில் இன்னொருவருக்கு இல்லாத குறி, அதைக் கையில் வாங்கிய அன்று பஸ்ஸில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். போகட்டும். அது போவதுகூடப் பெரிதில்லை, சாவியைக் கொடுக்க வேண்டிவரும், அதுதான். கொடுத்தால் திறப்பார்கள், ரேடியோவில் வந்ததையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கும் பரமானந்தம் கடை மேசையில் மிக்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றொன்றாகப் படிப்பார், ஏ தோசை ஒட்டிக்கிச்சாம்வே, சட்டைப் பொத்தான் போயிட்டாம்வே. தை மாசம் ஒருநாள் அனுப்பினது ஒன்று இருக்கிறது. இன்று என் பிறந்தநாள், லாரி நம்பர் ஒன்றில் என் பிறந்த வருஷம் இருந்தது. அதையும் படிப்பார்கள். மைக்கை எடுத்துவிட்டேன். எப்போது எடுத்தேன். ரப்பர் பொத்தானில் என் விரல் படுகிற இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, தினமும் அனுப்புவதற்கு முன்னால் மலைப்பெட்டி வேலை செய்கிறதா என்று ஒருதரம் தட்டிப் பார்ப்பேன். அழுத்தினேன். இப்போது எனக்கு எதுவும் கேட்காது, அந்தப் பக்கம் எல்லோருக்கும் நான் கேட்பேன். சார், அந்தச் சில்வண்டு நான்தான் சார், இசக்கிராஜ், நான்தான் அனுப்பினேன், நீங்கள் மலைக்குப் போக வேண்டாம். சொல்லிவிட்டேன். விரலை எடுத்தேன். சாரின் குரல் வருகிறது.

"யாரோ வந்தீங்க. சிக்னல் ஃபுல்லா இருக்கு. குரல் ஒண்ணுமே இல்ல. வெறும் காத்துதான் வந்துச்சு. யாருன்னு தெரியல, திரும்ப வாங்க."

கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. வாழ்க்கையிலேயே பெரிய காரியம் ஒன்றைச் செய்தேன், அது யாருக்கும் கேட்கவில்லை. அப்படியானால் நடக்கவே இல்லை. யாரென்று தெரியாதாம். இப்போது மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும், வேறு யாரோ ஏதோ தட்டியதாகப் போய்விடும், நான் முயற்சி செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், முயற்சி செய்யவும் செய்தேனே, பொய் இல்லையே. கொக்கி ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. "அது தூத்துக்குடித் தம்பி" என்கிறது லூர்து அக்காவின் குரல். "பேச்சு கேக்கல சார். மூச்சு கேட்டுச்சு. தம்பி, ராசா, என்னமோ சொல்ல வந்தீக. சத்தமாச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல." மூச்சை வைத்தே. நூற்று நாற்பத்தோரு காலை நான் பூட்டுப் போட்டேன், இவர் இந்த வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறார்.

எழுந்து நின்றேன். மைக்கை உதட்டில் ஒட்டினேன், இரும்பு வலை குளிர்ந்திருக்கிறது, உப்புக் கரிக்கிறது, இந்த ஊரில் எதை நக்கினாலும் உப்புத்தான். அழுத்தினேன். கத்தினேன். கீழ் வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "நான் இசக்கிராஜ்! சார், அந்தச் சில்வண்டு நான்தான்! தினமும் ஆறு ஐம்பத்தெட்டுக்கு நான்தான் அனுப்புனேன், பூட்டுப் போட்டு, தப்புன்னு தெரிஞ்சே அனுப்புனேன். அதுல ஒண்ணும் இல்ல. தங்கம் இல்ல அண்ணாச்சி. தோச ஒட்டிக்கிட்டது, சட்டப் பொத்தான் போனது, எடை மேடையில நாய் படுத்தது, அவ்வளவுதான் இருக்கு. சொல்ல ஆள் இல்ல. அதான். நீங்க மலைக்குப் போகாண்டாம், ஃபியூஸப் பிடுங்காண்டாம், என் பேரயும் என் நம்பரயும் எழுதி அனுப்பிருங்க, கேட்டா நான் போய் நிக்கேன். எல்லாத்தையும் யார் வேணாலும் திறந்து பாக்கலாம். சாவி சொல்லுதேன், எழுதிக்கிடுங்க." மூச்சு வாங்கியது. மூன்று நிமிடம் தாண்டினால் பெட்டி தானாகவே வாயை மூடிக்கொள்ளும், எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை, ஒரு வருஷத்தில் இவ்வளவு பேசினதில்லை. சாவியை நான் வெளியே சொன்னதே இல்லை, எழுதி வைத்ததும் இல்லை, விரலால் தட்டியதுதான், வாயில் வரும்போது அது சாவி மாதிரியே இல்லை. "ஒரு ஊர்ல" என்றேன்.

விரலை எடுத்தேன். பெட்டி ஸ்ஸ் என்று ஓடி அடங்கியது. பச்சை விளக்கு. பல்லி. கீழே யாரோ பாத்திரத்தை எடுத்து வைக்கிறார்கள். சார் வரவில்லை, பரமானந்தம் வரவில்லை, ஏழு இருபத்திரண்டு, தாத்தாவின் ராஜா குதிரைமேல் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார், நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

டக் டக்.